மூன்று விநாடி காத்திருந்தால்

பேத்திக்கு அப்போது நான்கு வயது. வெளியே கிளம்பும் நேரத்தில், சட்டையை நானே போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகவாயை மார்போடு ஒட்டிக் குனிந்து பார்த்தபடி, முதல் பொத்தானை இரண்டாவது துளைக்குள் நுழைக்கத் தொடங்கினாள். இப்படியே போனால் கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கை தானாக முன்னால் நீண்டது. அதை இழுத்து, இடது கையோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கட்டைவிரலால் பொத்தானின் விளிம்பைத் தள்ளினாள். பாதி நுழைந்து நழுவியது. மறுபடி தள்ளினாள். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு பொத்தானாக இறங்கிவந்து கடைசிப் பொத்தானைப் பிடித்தவள், அதற்குத் துளை இல்லாததைக் கண்டு திகைத்தாள்.

"பாட்டி, இந்தப் பொத்தானுக்கு வீடே இல்லை."

"ஆமாம், இல்லைதான்" என்று மட்டும் சொன்னேன்.

சட்டையின் இரண்டு ஓரங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்று ஏறியிருந்தது, ஒன்று இறங்கியிருந்தது. போட்ட அத்தனையையும் கழற்றினாள். இந்த முறை கீழ் ஓரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலே ஏறினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுத்துப் பொத்தான் உள்ளே போனதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மொத்தம் பதினொரு நிமிடம். கிளம்பத் தாமதமாகிவிட்டது. அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. இரவு படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் மகனுக்கும் மகளுக்கும்கூட நான்கு வயது வந்துபோனது. அவர்களும் சட்டை போட்டார்கள். ஆனால் அந்தப் பொத்தான்களை எல்லாம் போட்டது என் விரல்கள். பொத்தானோடு போராடும்போது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்க்க வாய்ப்பிருந்தும் நான் பார்க்கவில்லை.

நான் 33 ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது ஒரு பேத்தியும் ஒரு பேரனும் இருக்கிறார்கள். தாய், ஆசிரியை, பாட்டி என்ற மூன்றும் மூன்று வேலைகள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மூன்றிலும் எனக்கு மகிழ்ச்சி கிடைத்த தருணங்களை இப்போது அடுக்கிப் பார்த்தால், எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நான் கையை இழுத்துக்கொண்டு காத்திருந்த இடங்கள் அவை. அவசரப்பட்ட இடங்களில் வேலை முடிந்தது. மனத்தில் எதுவும் தங்கவில்லை.

காத்திருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது வகுப்பறை. பணியில் சேர்ந்து பன்னிரண்டாவது ஆண்டில், ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளரின் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, இடையில் வரும் மௌனங்களை அளந்தவர் அவர். 1974இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார், வேறு பிள்ளையைக் கேட்கிறார், இல்லையென்றால் பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். பிள்ளை பதில் சொன்ன பிறகும் இதே கதைதான். சொல்லி வாய் மூடுவதற்குள் ஆசிரியரின் குரல் வந்துவிடுகிறது. இந்த இரண்டு இடங்களிலும் மூன்று விநாடியோ சற்று கூடுதலாகவோ பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, கேட்காமலேயே பிள்ளைகள் பேச முன்வருகிறார்கள், மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறக்கிறார்கள் என்று அவர் கண்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நிதானமானவள் என்றே என்னைப் பற்றி நினைத்திருந்தேன். சக ஆசிரியை ஒருவரை என் வகுப்பின் கடைசி வரிசையில் கடிகாரத்தோடு உட்காரச் சொன்னேன். பாடம் முடிந்து அவர் நோட்டைக் காட்டியபோது ஒன்று, ஒன்றரை, ஒன்று என்றே எண்கள் வரிசையாக நின்றன. ஓரிடத்தில் மட்டும் நான்கு. அந்த நேரத்தில் நான் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுவாரம் முயன்றேன். கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொண்டை வரை வார்த்தை வந்து முட்டும். பின்ன எண்கள் நடந்துகொண்டிருந்தன. மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நான்கில் ஒன்று" என்றான். சிரிப்பு கிளம்பப் பார்த்தது. கையை உயர்த்தி அதை நிறுத்தினேன். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

"மூன்றைவிட நான்கு பெரியது அல்லவா, டீச்சர்?"

அப்போதும் பேசவில்லை. அவன் நோட்டின் ஓரத்தில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்: "இல்லை... நான்கு பேர் பங்கு போட்டால் துண்டு சின்னதாகிவிடும். மூன்று பேர் என்றால்தான் எனக்கு அதிகம் கிடைக்கும். மூன்றில் ஒன்றுதான் பெரியது."

அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். இதே தவறான பதிலை எத்தனையோ பிள்ளைகளிடமிருந்து கேட்டு, உடனுக்குடன் திருத்தி அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். ஒரு மனம் தன் தவறைத் தானே கண்டு, திரும்பி, வழி பிடித்து வந்து சேர்வதைக் கண்ணெதிரே பார்த்தது அன்றுதான் முதல் முறை. சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்ற நினைப்பு அன்றோடு என்னைவிட்டுப் போனது.

ஆசிரியர்கள் யாராவது முயன்று பார்க்க விரும்பினால், அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். விநாடிகளை எண்ணாதீர்கள், ஒரு முறை மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், சரியாக இருக்கும். காத்திருக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். அது விசாரணைபோல ஆகிவிடும். கரும்பலகையையோ அவன் நோட்டையோ பாருங்கள். வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது யோசிக்கும் நேரம், யாரும் கையைத் தூக்கி ஆட்ட வேண்டாம். ஏழெட்டு எவ்வளவு என்பது போன்ற கேள்விக்கு இதெல்லாம் தேவையில்லை. அங்கே தெரியும் அல்லது தெரியாது, அவ்வளவுதான். ஏன், எப்படி என்று கேட்கும் இடத்தில்தான் காத்திருப்புக்கு வேலை.

பள்ளியில் இவ்வளவு கற்ற நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே என் பொறுமை முழுவதும் செலவாகியிருக்கும். மகனின் வீட்டுப்பாட நோட்டைச் சிவப்பு மைப் பேனாவோடு எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவனுக்கு எட்டு வயது இருக்கும். ஒருநாள் நோட்டை மார்போடு அணைத்தபடி கதவருகில் நின்றான்.

"அம்மா, நீ இப்போது அம்மாவா, டீச்சரா?"

கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. அவனுக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். யாரிடம் நோட்டைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் அதற்கேற்றபடி நிற்கலாமே என்று கேட்டான். அந்தக் கேள்வியின் சாதாரணத் தன்மைதான் என்னை உலுக்கியது. இரண்டு பேரில் எந்த நாளில் எவர் வருவார் என்று பார்த்துப் பார்த்து அந்தக் குழந்தை பழகியிருக்கிறான்.

சிவப்புப் பேனாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரம் மதிப்பெண், பாடம், தேர்வு என்ற சொற்களை எடுப்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். கேட்க வேறு எதுவும் இல்லாமல் முதல் சில வாரங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது சங்கடமாக இருந்தது. பேச்சு மெல்ல அவன் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது. யாரோடு சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை, மரத்தில் எந்தக் கிளை வரை ஏறினான் என்றெல்லாம். 'இன்று என்ன கற்றாய்' என்று நான் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெறாத செய்திகள் அவை.

ஆனாலும் பழைய வழக்கம் முழுவதும் போய்விடவில்லை. "உங்களுக்காகத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன்" என்று அடிக்கடி சொல்வேன். அன்பாகத்தான் சொன்னேன். பதினான்கு வயதில் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது, விடைத்தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தான். கண்டுபிடித்துக் கேட்டபோது, "நீ திட்டுவாய் என்று இல்லை அம்மா, நீ அழுவாய்" என்றான். பிள்ளைதான் என் வாழ்க்கையின் நோக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நோக்கத்தின் எடையை அவன் தலையில் ஏற்றியிருந்ததை அன்று கண்டேன். வாழ்வதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தை நிறைவேற்றும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது. அவனைக் கவனிப்பது என் வேலை. அவன் என்னவாக ஆகிறான் என்பது அவன் வேலை.

பின்னாளில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அந்த மெத்தை நினைவுக்கு வந்தது. வடிவப் புதிர்களை விடுவித்த பிள்ளைகளில் சிலரை 'புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாறவைத்தார்கள். அதன்பின் மறுபடி எளிய புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். என் மகனை நான் தினமும் கெட்டிக்காரன் என்றேன். ஒளிக்கும்படி அவனுக்கு ஒன்றைக் கொடுத்ததே நான்தான். இப்போது பேத்தியிடம் பட்டம் சூட்டுவதில்லை. என்ன பார்த்தேனோ அதைச் சொல்கிறேன்: "எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கீழிருந்து தொடங்கினாய், பார்த்தேன்." அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.

மகளிடம் கற்றது வேறு. அவளுக்கு ஆறேழு வயதில், என் வகுப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்து அதில் படம் வரைந்துவிட்டாள். விருந்தினர் இருந்த நேரம். எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. வரைந்த படத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இரவு அவள் படுக்கையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். "எல்லோர் முன்னாலும் கத்தியது என் தவறு" என்றேன். 'ஆனால் நீயும்' என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லவில்லை. பதிவேட்டைப் பற்றி மறுநாள் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் "சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நெடுநேரம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து அவள் பாதம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்து என் தொடையில் ஒட்டிக்கொண்டது.

மன்னிப்புக் கேட்டால் பெற்றவர்களின் மரியாதை போய்விடும் என்று சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் அப்படி இல்லை. எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்களையும் கைக்குழந்தைகளையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, நொடிக்கு நொடி ஆராய்ந்தவர். நன்றாக ஒட்டியிருக்கும் தாயும் சேயும்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவரோடொருவர் முழுதும் இசைந்திருக்கிறார்கள் என்கிறார். மீதி நேரம் இசைவு தவறுகிறது, மறுபடி சரியாகிறது. தவறுவதும் சரியாவதுமாகத்தான் அந்த உறவு பலப்படுகிறது. இதை என் முப்பது வயதில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இப்போது கைக்குழந்தையோடு கண் எரிய விழித்திருக்கும் தாய் தந்தையருக்காக இதைச் சொல்கிறேன். எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். களைப்பு இருக்கும் இடத்தில் களைப்பு இருக்கட்டும். ஒரு நாளில் ஓர் ஐந்து நிமிடம், கையில் வேறு எதுவும் இல்லாமல் குழந்தையைப் பாருங்கள். மற்ற நேரத்துக்கு வேலைகள் இருக்கத்தான் செய்யும்.

மறுபடி பள்ளிக்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால் நான் சொல்வது இதைத்தான். பணியின் பிற்பாதியில், ஒரு மெலிந்த நோட்டு வாங்கி, தினமும் பள்ளி விட்டதும் வகுப்பறையிலேயே உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதினேன். மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. அன்று கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று. 'அடித்தல் போடும்போது அளவுகோல் வைத்துப் போடுகிறான்.' 'பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது குரல் மாறுகிறது.' இப்படி. அந்த ஒரு வரிக்காகவே நாள் முழுவதும் கண் திறந்திருந்தது. மாலையில் எழுத ஒன்றும் இல்லை என்றால், அன்று நான் பாடத்தை நடத்தினேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இரண்டு மாதம் கழித்து, நோட்டில் இருந்த பெயர்களை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேரின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. முதல் மதிப்பெண் வாங்குபவர்களும் இல்லை, தொல்லை கொடுப்பவர்களும் இல்லை. நடுவரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள். நான் சிறுமியாக இருந்தபோது உட்கார்ந்திருந்த வரிசை அது. என்னைப் போன்றவர்களையே நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பார்த்தேன். அதில் ஒரு பெண். கழித்தல் கணக்குகளில் விடை சரியாக இருக்கும், ஆனால் கடன் வாங்கும் படிகள் எதுவும் இருக்காது. 'முறை எங்கே?' என்று நான் எழுதி எழுதி அவள் நோட்டு முழுவதும் சிவப்பாகிக் கிடந்தது. அருகில் உட்கார்ந்து, "52இல் 27 போனால் எவ்வளவு? எப்படிப் போடுகிறாய் என்று சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்று விநாடி போதவில்லை. பத்து, பதினைந்து போயிருக்கும்.

"ஐம்பதில் இருபது போனால் முப்பது, டீச்சர். இரண்டில் ஏழு போகாது. ஐந்து பற்றவில்லை. அந்த ஐந்தை முப்பதிலிருந்து எடுத்தேன். இருபத்தைந்து."

இடமிருந்து வலமாக, பற்றாக்குறையை ஓர் எண்ணாகவே கையில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள். பூஜ்ஜியத்தைவிடச் சிறிய எதிர்ம எண்கள் அவள் பாடத்தில் இன்னும் வரவே இல்லை. தன் போக்கில் அந்த வாசலுக்குப் போய் நின்றுகொண்டிருந்த பிள்ளையை, முறை தெரியாதவள் என்று ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, வகுப்பு முழுவதுக்கும் சொல்லிக்காட்டச் சொன்னேன். முதலில் குரலே வரவில்லை. இரண்டாவது கணக்கில் வந்தது. அந்த நோட்டுகளில் மொத்தம் பதினான்கு சேர்ந்தன. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எதை எடுப்பேன் என்றால் அவற்றைத்தான்.

பாட்டியானபோது நிறையத் தெரிந்தவளாகத்தான் போனேன். அதுவே இடைஞ்சலாக இருந்தது. பேத்தி பிறந்த இரண்டாவது வாரம், அவள் தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பதைப் பார்த்து, "குப்புறப் படுக்கவை, நன்றாகத் தூங்குவாள். என் காலத்தில் அப்படித்தான்" என்றேன். மருமகள் தயங்கினாள். பிறகு, "அத்தை, மல்லாந்துதான் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்றாள். நான் இரண்டு பிள்ளைகளைக் குப்புறப் போட்டு வளர்த்தவள். முகம் சுருங்கத்தான் செய்தது. விசாரித்தேன். மருமகள் சொன்னதுதான் சரி. குப்புறத் தூங்கும் கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து அதிகம் என்பது உறுதியாகி, 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும், குழந்தைகளை மல்லாந்து படுக்கவையுங்கள் என்று பெரிய பிரசாரம் நடந்திருக்கிறது. அதன்பின் பல நாடுகளில் அத்தகைய மரணங்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. நான் பிள்ளை பெற்ற காலத்தில் இது தெரிந்திருக்கவில்லை. என் பிள்ளைகள் பிழைத்தது என் முறை சரி என்பதால் அல்ல.

அன்றிலிருந்து 'என் காலத்தில்' என்ற சொல்லை மருமகளிடமும் மகளிடமும் நான் எடுப்பதில்லை. அவர்கள் கேட்டால் சொல்கிறேன். குழந்தை அழுதால் முதலில் அவர்களைத்தான் கேட்கிறேன்: "இப்போது என்ன செய்வாய், சொல், நானும் அப்படியே செய்கிறேன்." பிள்ளைகளின் முன்னால் அவர்கள் சொன்னதை மறுப்பதில்லை. உடன்பாடு இல்லாதது இருந்தால், குழந்தைகள் தூங்கிய பிறகு, ஒரே ஒரு முறை சொல்வேன். தாய் தகப்பனுக்கு நாம் தரும் இடம்தான் பேரக்குழந்தைகளோடு நமக்குக் கிடைக்கும் இடத்தையும் தீர்மானிக்கிறது. புதிதாகப் பெற்றவளிடமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவளும் பொத்தானைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பெண்கள் பிள்ளை பெறும் வயது கடந்த பிறகும் இவ்வளவு ஆண்டுகள் வாழ்வது ஏன் என்று மானுடவியலில் ஒரு கேள்வி உண்டு. விலங்குகளில் இது மிக அரிது. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால், முந்தைய குழந்தையின் வயிறு பாட்டியின் உழைப்பை நம்பியிருப்பதைக் கண்டார்கள். பாட்டிகள் இருந்த குடும்பங்களில் பேரக்குழந்தைகள் பிழைத்தார்கள், அதனால்தான் மனித ஆயுளே நீண்டது என்பது அவர்களின் கருதுகோள். இதைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் ஓய்வுபெற்ற புதிதில், காலையில் எழுந்து கிளம்ப இடமில்லாமல் நின்ற எனக்கு இதைப் படித்தபோது முதுகு நிமிர்ந்தது. மிச்சக் காலம் என்று நான் நினைத்திருந்த ஆண்டுகளுக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது.

பேரக்குழந்தைகள் இல்லாதவர்கள் இதைப் படித்து வருந்தக் கூடாது. என் பழைய சக ஆசிரியை ஒருவருக்குப் பிள்ளைகளே இல்லை. ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று மாலை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரை உட்காரவைத்து வாசிக்கக் கற்றுத்தருகிறார். அவர்களில் ஒரு பையன் முதல் முறையாக ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் முடித்த அன்று, இரவு ஒன்பது மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, அவன் எந்தச் சொல்லில் நின்றான், எப்படி எழுத்துக்கூட்டினான் என்று அரைமணி நேரம் சொன்னார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சிக்கும் என் மகிழ்ச்சிக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

பேத்திக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் வந்தவள் ஒரு தாளில் எண்களைப் படிக்கட்டுபோல எழுதிக்கொண்டு வந்தாள். பத்து மேலே, ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே பூஜ்ஜியம். தாளில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. அந்த வெற்றிடத்தைத் தடவியபடி, "பாட்டி, பூஜ்ஜியத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

33 ஆண்டுகள் நான் பாடமாக நடத்திய விஷயம் அது. 'ஐந்து பற்றவில்லை' என்ற பெண்ணின் குரல் காதில் கேட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றேன்.

வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கேயும் எண்கள் இருக்கும். ஆனால் அவை அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கும்" என்றாள். அவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். யோசிக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

தாளை மடிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்று வியாழக்கிழமை.